7 டிகிரி தண்ணியில ஃபினெஸ் ஜிக்: கடி தெரியுது, முள் ஏறல

கரையோரம்:

எல்லாருக்கும் வணக்கம். ஃபினெஸ் ஜிக்ல, அதாவது எடைத் தலை வச்ச சின்ன உருவத் தூண்டில் முள்ளுல, பாஸ் மீன் பிடிக்கறேன். ஏரியோட மேல்மட்டத் தண்ணி 45 ஃபாரன்ஹீட், அதாவது 7 டிகிரி செல்சியஸ். தெளிவான தண்ணி, ஆறேழு அடி வரைக்கும் தரை தெரியும். லார்ஜ்மவுத், ஸ்பாட்டட்னு ரெண்டு வகை பாஸும் இருக்கிற நீர்த்தேக்கம். சரிவான பாறைக்கரைக்கு வெளியே படகை நிறுத்தி, கரைப்பக்கமா வீசி, 10 அடியிலிருந்து 30 அடி வரைக்கும் ஜிக்கை இறக்கிக்கிட்டு வரேன்.

சாமான்: 7 அடி மீடியம் ஸ்பின்னிங் ராட், 2500 சைஸ் ரீல், 15 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), அதோட நுனியில 3 அடிக்கு 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன் (ஒற்றை இழை நரம்பு) லீடர். ஜிக் 3/8 அவுன்ஸ், பாக்கெட்டுல இருந்து எடுத்தபடியே. ட்ரெய்லர் (முள்ளுல ஏத்துற மென்பிளாஸ்டிக் இரை) 3 அங்குல கிராஃபிஷ் (கொடுக்கு வச்ச நன்னீர் இறால் மாதிரி) உருவம், கொடுக்கு ரெண்டும் படபடன்னு அடிக்கிற வகை.

பிரச்சினை மூணு. ஒண்ணு, ஈர இலை மாட்டின மாதிரி ஒரு பாரம் வருது; சுண்டினா ஒண்ணும் இல்லை. ஏறின மீனும் பாதி வழியில கழண்டுடுது. ரெண்டு, 20 அடிக்குக் கீழே போனதும் ஜிக் தரையில இருக்கா, அந்தரத்துல தொங்குதான்னே புரியல. மூணு, பாறை இடுக்குல அடிக்கடி மாட்டுது. எடையைக் குறைக்கணுமா? ஒரே இடத்துல எத்தனை நொடி விடணும்?

பாறைமுனை:

முதல் பிரச்சினைக்குக் காரணம் பெரும்பாலும், முள் எதிலும் மாட்டாதபடி ஜிக்கின் முன்னால் நிற்கும் அந்த நார்க்கட்டு, அதாவது வீட் கார்டுதான். வீட் கார்டு பாக்கெட்டில் வரும்போது கனமான ராடுக்கும் 15, 20 பவுண்டு நரம்புக்கும் ஏற்ற விறைப்பில் இருக்கும். மீடியம் ஸ்பின்னிங் ராடால் அதை மடக்கி முள்ளை உள்ளே தள்ள முடியாது. குளிர்ந்த தண்ணீரில் பாஸ் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும், திரும்பி ஓடாது. அதனால் மீனின் எடை உங்களுக்கு உதவாது, முழு வேலையையும் ராடே செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியது இது. நார்களை விரலால் விரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதியை அடியோடு நறுக்குங்கள். மிச்சத்தை முள்ளின் நுனியைவிட 3, 4 மில்லிமீட்டர் மட்டும் மேலே நிற்கும்படி வெட்டி, விசிறி மாதிரி இரண்டு பக்கமும் பரப்பிவிடுங்கள். கட்டைவிரலால் லேசாக அழுத்தும்போதே நார் மடங்கி முள்நுனி விரலைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் இன்னும் நாலு நார் எடுக்கலாம்.

முள்ளும் மெல்லிய கம்பியாக இருக்கட்டும், 1/0 அல்லது 2/0. தடித்த கம்பி 10 பவுண்டு லீடரோடு ஒத்துப்போகாது. முள்நுனியை நகத்தின் மேல் சாய்த்து இழுத்துப் பாருங்கள்: வழுக்கினால் மழுங்கிவிட்டது, நகத்தில் பிடித்து நின்றால் சரி. பாறையில் உரசும் ஜிக்கை ஒவ்வொரு முறை மாட்டி எடுத்த பிறகும் இப்படிச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது சுண்டும் முறை. பாரம் தெரிந்தவுடன் மேல்நோக்கிச் சட்டென்று இழுக்காதீர்கள். ராடை இரண்டு மூன்று அங்குலம் மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். இலையோ பாசியோ என்றால் பாரம் அப்படியே உயிரில்லாமல் கூட வரும். மீன் என்றால் அந்தப் பாரம் லேசாக நகரும், அல்லது நரம்பு பக்கவாட்டில் ஊரும். உடனே ராடைத் தாழ்த்தி, தளர்வு போகும்வரை சுற்றி, சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் நீளமாக வாருங்கள். சுற்றுவதை நிறுத்தவே கூடாது. டிராக் இழுவையை (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கத் தொடங்கும் பாரம்) நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வையுங்கள்: 10 பவுண்டு லீடருக்கு ஸ்பிரிங் தராசில் இரண்டரை பவுண்டு. கையால் இழுத்துப் பார்த்து வைக்கும் டிராக் குளிரில் விறைத்த விரலுக்கு எப்போதுமே தப்பாகத்தான் தெரியும்.

எடையைப் பொறுத்தவரை, 1/4 அவுன்ஸ், அதாவது 7 கிராமுக்கு இறங்குங்கள். காற்றில்லாத நாளில், 15 அடிக்குள் என்றால் 3/16 கூடப் போதும். மெதுவாக விழுவது ஒரு காரணம். அதைவிட முக்கியம், இடுக்குக்குள் வேகமாகப் போய்ச் செருகிக்கொள்ளாமல் கல்லின் முதுகிலேயே உட்காரும்.

ஆழம்30:

பாறைமுனை அண்ணன் வீட் கார்டு பத்திச் சொன்னது அத்தனையும் சரி. எடை விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்கமாட்டேன். கேட்டவர் 30 அடி வரைக்கும் இறக்கறார், அதுவும் பிரெய்டுல. பிரெய்டு மிதக்கும். லேசா காத்து அடிச்சாலே நரம்பு தண்ணிமேல வில்லா வளையும். அந்த வளைவு 3/16 ஜிக்கைத் தரையில இருந்து தூக்கி இழுத்துக்கிட்டே வரும். "மெதுவா இறங்குது"ன்னு நாம நினைச்சுக்கிட்டிருப்போம், ஜிக் தரைக்கு மேல 4 அடியில மிதந்து வந்துக்கிட்டிருக்கும். 7 டிகிரியில பாஸ் அதுக்காக 4 அடி ஏறி வராது.

அதனால 20 அடிக்கு மேல ஆழம்னா 5/16, காத்து இருந்தா 3/8-ஏ இருக்கட்டும். குறைக்க வேண்டியது உருவத்தை. ஸ்கர்ட்ல (ஜிக் கழுத்துல கட்டியிருக்கிற இழைக்கொத்து) பத்துப் பன்னிரண்டு இழையை உருவிடுங்க, முள் வளைவோட நீளத்தை நிறுத்துங்க, ட்ரெய்லரை 2 அங்குலத்துக்கு வெட்டுங்க. எடை அதே, ஆளு சின்னது. டங்ஸ்டன் தலை வாங்கினா இன்னும் சின்னதாகும், கல்லைத் தட்டறது கையில பளிச்சுனு தெரியும். ஆனா அதே எடை ஈயத்தைவிட வேகமா விழும், இடுக்குலயும் நல்லா இறங்கும், அதை மனசுல வச்சுக்கணும்.

எடை சரியான்னு பார்க்கறது சுலபம். 20 அடின்னு சோனார் காட்டுற இடத்துல படகுப் பக்கத்துலயே ஜிக்கை விட்டு, நரம்பு தளர்றவரைக்கும் எண்ணுங்க. அந்த எண்ணிக்கையை வச்சுக்கிட்டு அதே ஆழத்துல தூரமா வீசி மறுபடி எண்ணுங்க. ரெண்டாவது தடவை ரொம்ப கூடுதலா வந்தா, நரம்பு வளைஞ்சு ஜிக்கைத் தாங்குதுன்னு அர்த்தம். எடையை ஏத்துங்க, இல்லேன்னா வீச்சைக் குறைங்க.

ரெண்டாவது பிரச்சினை பூராவும் ஊசலாட்டம்தான். கரையில இருந்து ஆழத்துக்கு இழுக்கும்போது, ஜிக் ஒரு படியை விட்டு விழற நேரத்துல நரம்பு இறுக்கமா இருந்தா அது நேரா கீழே விழாது. படகுப் பக்கமா ஊசலாடி வந்து, சரிவை விட்டே விலகிப் போயிடும். மீன் சரிவோட ஒட்டி நிக்குது, ஜிக் வெட்டவெளியில தொங்குது. படியை விட்டு நழுவுறது கையில தெரிஞ்ச உடனே ராட் நுனியை ஜிக் பக்கமா நீட்டி, ஒண்ணு ரெண்டு அடி நரம்பைத் தளர விடுங்க. கண்ணு நரம்பு தண்ணிக்குள்ள நுழையற இடத்துலயே இருக்கட்டும். தளர்ந்த நரம்பு சுருண்டு நின்னா தரை. நிக்க வேண்டிய நேரத்துக்கு முன்னாலயே நின்னுபோச்சு, இல்ல ஒரு துள்ளு துள்ளிச்சுன்னா விழும்போதே ஏதோ வாயில எடுத்துடுச்சு.

சோனார் பத்தி ஒண்ணு. செங்குத்துச் சரிவுல திரையில மீனே தெரியலைன்னு இடத்தை மாத்தாதீங்க. சோனார் ஒலி கூம்பு மாதிரி விரிஞ்சுதான் கீழே போகும். 20 டிகிரி கூம்பு 30 அடி ஆழத்துல கிட்டத்தட்ட பத்தரை அடி அகலத்தைப் பார்க்குது. அந்த அகலத்துக்குள்ள மேடான பகுதியோட எதிரொலி முதல்ல வந்துடும், அதுதான் தரைன்னு திரையில வரையும். சரிவுல கீழே ஒட்டிக் கிடக்கிற மீன் அந்தக் கோட்டுக்கு உள்ளே மறைஞ்சு போகும்.

கரையோரம்:

ரொம்ப நன்றி அண்ணன்களே. ஊசலாட்டம் விஷயம் இப்பத்தான் பிடிபடுது. பிரெய்டை எடுத்துட்டு முழுக்க ஃப்ளோரோகார்பனுக்குப் போயிடலாமா? காலையில காத்தோட வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகுது, ராட் வளையத்துல பனிக்கட்டி பிடிக்குது. அப்புறம் ட்ரெய்லர் எது போடறது?

நார்க்கட்டு:

தம்பி, காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளில் பிரெய்டு வேண்டாம். அதன் பின்னலுக்குள் தண்ணீர் தங்கி, வளையத்துக்கு வளையம் கொண்டுபோய் உறைய வைக்கும். சுருள்மேலேயே உறைந்துவிட்டால் வீசும்போது மொத்தமாகக் கிளம்பிச் சிக்கிக்கொள்ளும். நேரடியாக 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் போடுங்கள். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு, அமிழும். ஆழம்30 சொன்ன அந்த வளைவு பெரிய அளவில் குறையும். 10 பவுண்டு வேண்டுமென்றால் பெய்ட்காஸ்டிங் ரீலில் (சுருளே உருண்டு நரம்பை விடும் வகை) சுற்றுங்கள். 2500 ஸ்பின்னிங் ரீலில் 10 பவுண்டு ஃப்ளோரோகார்பன் குளிரில் கம்பிச்சுருள் போலக் குதிக்கும்.

அந்தச் சுருள் நினைவுதான் ஃப்ளோரோகார்பனின் குறை. சுருண்ட நரம்பு ஸ்பிரிங்காக வேலை செய்து மெல்லிய கடியை விழுங்கிவிடும். புறப்படுவதற்கு முன்னால் நுனியை ஒரு கம்பத்தில் கட்டி, 30, 40 மீட்டர் நடந்து, நிதானமாக இழுத்துப் பிடித்து அரை நிமிடம் வைத்திருந்தால் சுருள் நேராகிவிடும். முதல் நாள் இரவே நரம்பு கண்டிஷனரைச் சுருளில் தெளித்து ஊறவிடுவது நல்லது.

வளையத்தில் பிடித்த பனியை விரலால் உடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பீங்கான் வளையம் பிதுங்கி வெளியே வரும், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விழும். கீறல் விழுந்த வளையம் அன்றைக்கே நரம்பை அரம்போல அறுக்க ஆரம்பிக்கும். ராட் நுனியை ஏரிக்குள் அமிழ்த்திப் பத்து நொடி பிடித்தால் போதும். தண்ணீர் 7 டிகிரி, பனி தானாகக் கரையும்.

முடிச்சு பாலோமர் போடுங்கள். எச்சிலோ தண்ணீரோ தொட்டு, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த ஃப்ளோரோகார்பனை வேகமாக இறுக்கினால் உராய்வுச் சூட்டில் முடிச்சுக்கு மேலே சுருண்டு வெளுக்கும். அந்த இடத்தில்தான் அறும். வெளுப்பு தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். ஜிக்குக்கு மேலே உள்ள இரண்டடி நரம்பை உதட்டின் நடுவே வைத்து உருவிப் பாருங்கள். விறைத்த விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு உதட்டுக்குத் தெரியும்.

இனி ட்ரெய்லர். படபடக்கும் கொடுக்கு 15 டிகிரிக்கு மேலே உள்ள தண்ணீருக்கு. இப்போது கிராஃபிஷ் எல்லாம் கல்லுக்கடியில் அடங்கிக் கிடக்கும், வெளியே வந்தாலும் ஊர்ந்துதான் போகும். சங்க் வகை, 2 முதல் இரண்டரை அங்குலம், தட்டையான இரண்டு வாலோடு, இழுத்தாலும் அதிகம் ஆடாதது எடுங்கள். தலைப்பக்கம் அரை அங்குலம் வெட்டி, வால் மட்டும் ஸ்கர்ட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்படி முள்ளில் ஏற்றுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் குளிரில் விறைக்கும். இரண்டு விரலால் மடக்கினால் உடனே நிமிராமல் தொய்ந்து நிற்கும் அளவுக்கு மென்மையானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மிதக்கும் வகை எலாஸ்டோமர் (ரப்பர்போல நீளும் பொருள்) ட்ரெய்லர் இதற்கு மிகவும் ஏற்றது. ஜிக் தரையில் ஓய்ந்து கிடக்கும்போதும் வால் மேல்நோக்கி நிற்கும், கிராஃபிஷ் கொடுக்கைத் தூக்கித் தற்காத்துக்கொள்ளும் அதே நிலை. ஆனால் அதைச் சாதாரண மென்பிளாஸ்டிக்கோடு ஒரே டப்பாவில் போடக்கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பிசுபிசுவென்று உருகிப்போகும். ட்ரெய்லரோடு இருக்கும் ஜிக்கை ஜிக் டப்பாவில் திருப்பி வைக்கும்போது இது மறந்துபோகும்.

ஸ்கர்ட்டைக் கழுத்துக்கு மேலே அரை அங்குலம் விட்டு வெட்டினால் முன்பக்க இழைகள் குட்டையாக விரிந்து நிற்கும். ராடை அசைக்காமல் தளர்ந்த நரம்பை மட்டும் நடுங்கவிட்டாலே அவை துடிக்கும். சிலிகான் இழையோடு நாலைந்து உயிர்ரப்பர் இழையும் கலந்து கட்டினால் விரிவு இன்னும் நன்றாக இருக்கும். கழுத்து ரப்பர் பழையதானால் வெடித்து ஸ்கர்ட் கீழே நழுவும். மெல்லிய செம்புக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிவிடுவது நிரந்தரத் தீர்வு. நிறத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம்: இந்தத் தெளிவில் கிரீன் பம்ப்கின் அல்லது பழுப்பும் ஊதாவும் கலந்தது, தண்ணீர் கலங்கினால் கறுப்பும் நீலமும்.

பாறைமுனை:

ஆழம்30 சொன்ன எடைக் கணக்கை ஏற்கிறேன், பிரெய்டோடு 30 அடி என்றால். முழு ஃப்ளோரோகார்பனுக்கு மாறினால் 1/4 அவுன்ஸே 20 அடி வரைக்கும் தரையைப் பிடிக்கும். அதற்குக் கீழே 5/16. எண்ணிப் பார்க்கும் சோதனைதான் முடிவு சொல்ல வேண்டும்.

இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நீளமான பாறைச்சுவர் முழுவதும் மீன் பரவி இருக்காது. பழைய ஆற்றுப் பள்ளம் கரையை ஒட்டி வளைந்து வரும் இடம், சுவர் முடிந்து சரளை மேடு தொடங்கும் இடம், தலையளவு கல் முட்டையளவு கல்லாக மாறும் இடம், இந்த மூன்றிலும் நேரத்தைச் செலவிடுங்கள். செங்குத்துச் சரிவைக் குளிர்காலத்தில் பாஸ் விரும்பக் காரணம், கிடைமட்டமாக நீந்தாமலே சில அடி ஏறி இறங்கி ஆழத்தை மாற்றிக்கொள்ளலாம். ஸ்பாட்டட் பாஸ் ஆழத்துப் பாறையில் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும். லார்ஜ்மவுத்துக்குப் பாறையோடு விழுந்த மரமோ, பச்சையாக மிச்சமிருக்கும் பாசியோ சேர்ந்தால் நல்லது. அழுகிப் பழுப்பான பாசியை விட்டுவிடலாம், அழுகல் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

வட அரைக்கோளத்தில் என்றால் ஏரியின் வடகரை. தாழ்வாக வரும் தெற்குச் சூரியன் நேராக அதன்மேல் விழும், வாடைக்காற்றும் தடுக்கப்படும். தெளிந்த வானத்தோடு மூன்றாவது நாள் பிற்பகலில் கறுத்த பாறையை ஒட்டிய தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி ஏறியிருக்கும். அப்போது 30 அடியில் நின்றது 12 அடிக்கு வரலாம். காலையில் ஆழம், பிற்பகலில் மேடு என்ற வரிசையிலேயே போங்கள்.

எத்தனை நொடி என்று கேட்டீர்கள். ராடைப் பக்கவாட்டில் அரை அடி, மிஞ்சினால் ஓரடி நகர்த்துங்கள். சரளை என்றால் "டிக் டிக்" என்று தொடர்ச்சியாக வரும். பெருங்கல் என்றால் ஒரு "டொக்", பிறகு பாரம் ஏறும். அந்தப் பாரம் ஏறும் இடத்தில், அதாவது ஜிக் கல்லின் விளிம்பில் ஏறி நிற்கும் இடத்தில், பத்து முதல் இருபது நொடி விடுங்கள். சும்மா தட்டையான இடத்தில் ஐந்து நொடி தாராளம். எல்லா இடத்திலும் இருபது நொடி விட்டால் ஒரு வீச்சுக்குப் பத்து நிமிடம் போய்விடும், நல்ல கல் பத்துக்கு ஒன்றுகூடப் பார்க்க முடியாது.

ஆழம்30:

மாட்டறது பத்திச் சொல்லாம விட்டுட்டோம். நீங்க மேட்டுல இருந்து ஆழத்துக்கு இழுக்கறதால ஏற்கெனவே பாதி பிரச்சினை குறைவு. கரையில நின்னு மேல்நோக்கி இழுக்கிறவங்களுக்கு ஒவ்வொரு இடுக்கும் பொறிதான். ஃபுட்பால் தலை (பக்கவாட்டுல அகலமான முட்டை வடிவம்) சரளைக்கும் சின்னக் கல்லுக்கும் அருமையா இருக்கும், தலையளவு கல்லுக்கு நடுவுல அகலமாச் செருகிக்கும். அங்க உருண்டைத் தலை போடுங்க.

மாட்டினா இழுக்காதீங்க. இழுக்க இழுக்க ஆப்பு இறங்கற மாதிரி இறங்கும். நரம்பைத் தளர்த்தி, படகை ஜிக்குக்கு நேர் எதிர்ப்பக்கம் கொண்டுபோங்க. நரம்பை ஓரளவு இறுக்கி ராடை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவுல இருக்கிற நரம்பை இன்னொரு கையால வில்நாண் மாதிரி ஒரு அடி வெளியே இழுத்துப் பட்டுனு விடுங்க. அந்தத் தளர்வு அதிர்ச்சியில ஈயம் பின்னால தாவும். நாலஞ்சு தடவை செஞ்சா பெரும்பாலும் கழண்டுடும்.

நார்க்கட்டு:

இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும். 30 அடிக்குக் கீழிருந்து வரும் பாஸுக்குக் காற்றுப்பை உப்பிவிடும். அதற்குக் காற்றுப்பையிலிருந்து குடலுக்குப் போகும் குழாய் கிடையாது, ஏப்பமாக விட்டுவிட முடியாது. மெதுவாக மேலே கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்பது உண்மையல்ல. அந்தச் சில நிமிடம் போதாது. முள்ளைத் தண்ணீருக்குள்ளேயே எடுத்து உடனே விடுங்கள், தலையைக் கீழ்நோக்கித் திருப்பி நீந்தியே இறங்கிவிடும். நீரில் வைத்துப் படமெடுக்க நேரம் கடத்தினால்தான் மிதக்க ஆரம்பிக்கும். மிதக்கும் மீன்கள் தொடர்ந்து வந்தால் அந்த ஆழத்தை விட்டு நகருங்கள். உறைநிலைக் காற்றில் மீனின் செவுளும் கண்ணும் நொடிகளில் பாதிக்கப்படும். உலர்ந்த கையுறையால் பிடித்தால் மேல்வழவழப்பு உரிந்துவரும், ஈரக் கையால் மட்டும் தொடுங்கள்.

இன்னொன்று உங்கள் உயிர். 7 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காது. அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணிநேரம்கூட ஆகலாம், ஆனால் மிதவை அங்கி இல்லாதவர் அதுவரை மிதந்திருக்கப் போவதில்லை. அங்கி பெட்டியில் இருந்தால் பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். இன்ஜின் நிறுத்துக் கயிறு மணிக்கட்டில். படகில் ஏற ஒரு ஏணி, நீர்ப்புகாப் பையில் ஒரு செட் உலர்ந்த துணி. கனமான உடையோடு ஏணி இல்லாமல் படகின் விளிம்பைத் தாண்டி ஏற முடியாது.

கரையோரம்:

நார்களைப் பாதியா வெட்டிட்டேன், கட்டைவிரல் சோதனையில முள் இப்பத் தொடுது. 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் சுத்தியாச்சு. கடைசியா ஒண்ணு மட்டும்: 28 அடியில கல் முடிஞ்சு சேறு ஆரம்பிக்குது, ஜிக் வழுவழுன்னு கனமா வருது. அங்கேயும் விட்டுப் பார்க்கணுமா?

ஆழம்30:

சேத்துல வேண்டாம். கல்லும் சேறும் சேர்ற அந்தக் கோட்டுல மட்டும் ஒரு தடவை 20 நொடி விடுங்க. வழுவழுன்னு ஆனதும் சுத்தி எடுத்துடுங்க. அடுத்த வீச்சுக்கு முன்னால தலையில ஒட்டின சேத்தையும் வீட் கார்டுல சிக்கின குப்பையையும் தண்ணியில அலசிடுங்க, நார் ஒட்டிக்கிட்டா மறுபடி அதே விறைப்புதான். படகை அந்த 28 அடிக் கோட்டுக்கு இணையா நிறுத்தி, நீளவாக்குல வீசினீங்கன்னா ஒரு வீச்சு முழுக்க ஜிக் அந்த ஆழத்துலயே இருக்கும்.